பாயிண்ட் த்ரீ

எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் ‘கரண்ட் வைக்கிறது’ என்று பேர். மின்சாரம் உடம்புக்குள் போவதில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பேர் மாறாது. நானும் சொல்வதை விட்டுவிட்டேன். அந்தக் கரண்டை எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு, எத்தனை நாளைக்கு வைப்பது என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. அறை வாசலில் ‘மருத்துவ இயற்பியலாளர்’ என்று எழுதியிருக்கும். நர்ஸுகளுக்கு நான் ‘பிசிசிஸ்ட் சார்’. நோயாளிகளோடு வருகிறவர்களுக்குக் ‘கம்ப்யூட்டர் ரூம் சார்’.

நான் வேலைக்குச் சேர்ந்த ஊரில் அப்போது இருந்த ஒரே எம்.ஆர்.ஐ. ஒரு 0.3 டெஸ்லா மெஷின்; டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தை அளக்கும் அலகு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், மேலே லாட்ஜ், கீழே ஸ்கேன் சென்டர். டாக்டர்கள் அதை ‘பாயிண்ட் த்ரீ’ என்பார்கள், கொஞ்சம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. 1.5 டெஸ்லா வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் மூன்று மணி நேரம். மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் ஆகி, தலையில் தையலோடு, பாதி பேர் வலிப்பு மாத்திரை மயக்கத்தில் இருப்பார்கள். அவர்களை மதுரைக்கு அனுப்புவது அவ்வளவு லேசில்லை. பலருக்கு பஸ் காசே பிரச்சினை.

ஏற்கெனவே சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்றே, எம்.ஆர்.ஐ. வேறு எதற்கு என்று கேட்பார்கள். சி.டி. இல்லாமல் என்னால் கணக்கே போட முடியாது. கதிர் எந்தத் திசுவுக்குள் எவ்வளவு தேயும் என்பது அந்தத் திசுவின் எலெக்ட்ரான் அடர்த்தியைப் பொறுத்தது. அதைச் சி.டி. சொல்லும், எம்.ஆர்.ஐ. சொல்லாது. எம்.ஆர்.ஐ.யில் மண்டையோட்டின் கெட்டியான எலும்பும் கறுப்பு, காற்றும் கறுப்பு. ஆனால் மூளைக்குள் கட்டி எங்கே முடிகிறது, நல்ல திசு எங்கே தொடங்குகிறது என்பதைச் சி.டி.யில் பார்ப்பது மூடுபனியில் வரப்பைத் தேடுவது மாதிரி. எம்.ஆர்.ஐ.யில் வரப்பு தெரியும். ஆகவே இரண்டு படத்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகிறோம். அதற்கு ‘ஃப்யூஷன்’ என்று பேர். எம்.ஆர்.ஐ.யைப் பார்த்து டாக்டர் கட்டியை வரைவார், நான் சி.டி.யை வைத்து டோஸைக் கணக்கிடுவேன்.

பொருத்தம் பிசகினால் என்ன ஆகும்? கிளியோபிளாஸ்டோமா என்கிற முரட்டுக் கட்டிக்கு 30 நாளில் 60 கிரே (கிரே என்பது டோஸின் அலகு) கொடுக்கிறோம். அதோடு டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பது 2005-க்குப் பிறகு வழக்கமானது. மூளைத்தண்டும் பார்வை நரம்புகள் கூடும் இடமும் தாங்குவது 54 கிரே அளவுக்குத்தான். நோயாளி தினமும் படுப்பதில் வரும் சின்ன வித்தியாசங்களுக்காக, வரைந்த கோட்டைச் சுற்றி 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுகிறோம். படமே 3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் விட்ட இடம் முழுக்க அதற்கே போய்விடும்.

அப்படி ஒரு தப்பு எங்கள் கையில் நடந்தது.

சேர்ந்த முதல் வருஷம். பாயிண்ட் த்ரீயிலிருந்து வந்த எம்.ஆர்.ஐ. படத் தட்டைப் போட்டுப் பொருத்திக் கொடுத்தேன். சாஃப்ட்வேர் தானாகவே பொருத்தும். பச்சை விளக்கு காட்டும். எங்கள் டாக்டரம்மா கட்டியை வரைந்துவிட்டுக் கண்ணுக்கு வந்தார். எம்.ஆர்.ஐ. கண், சி.டி. கண்ணுக்குச் சற்று முன்னால் நின்றது.

“கண்ணு ஒட்டலையே?”

“பேஷண்ட் கண்ணை உருட்டியிருப்பார் மேடம்,” என்றேன்.

சாக்கு கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடுவிலுள்ள நீர் அறைகள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன, ஆகவே அவரும் விட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து அடுத்த நோயாளிக்கும் கண் முன்னால் நின்றது. அதே திசை, அதே அளவு. எல்லோரும் ஒரே பக்கமாகக் கண்ணை உருட்ட மாட்டார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. ஒரு தபால்காரர் மாதிரி. உடம்பிலுள்ள ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் எந்த அதிர்வெண்ணில் பாடுகிறதோ, அதுதான் அதன் கதவு எண். 0.3 டெஸ்லாவில் அது 12.8 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். வேண்டுமென்றே ஒரு பக்கம் காந்தப் புலத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபக்கம் குறைத்து, அதிர்வெண்ணை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறது மெஷின். புலம் தானாகவே எங்காவது மேடு பள்ளமாக இருந்தால் கதவு எண் தப்பாகிவிடும். தபால் பக்கத்து வீட்டுக்குப் போகும். படம் பார்க்க அழகாகவே இருக்கும். எல்லா வீடும் இருக்கும், தெருதான் வளைந்திருக்கும்.

மெஷினைச் சோதிக்க ஒரு ஃபான்டம், அதாவது உடம்புக்குப் பதிலாக வைக்கும் சோதனைப் பெட்டி, வேண்டும். கம்பெனி ஃபான்டம் விலை எங்கள் நிர்வாகத்துக்குச் சொல்லக்கூடியதாக இல்லை. ஊரில் பெயர்ப்பலகை செய்கிற கடையில் அக்ரிலிக் தகடு வெட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளை போட்டு, தகடுகளை அடுக்கித் தலை அளவுக்கு ஒரு பெட்டி செய்தேன். உள்ளே வெறும் தண்ணீர் ஊற்றினால் சரிவராது. தண்ணீரின் ஹைட்ரஜன் ஓய்வுக்குத் திரும்ப ரொம்ப நேரம் எடுக்கும். செப்பு சல்பேட் கலக்க வேண்டும். உரக்கடைக்குப் போய் மயில்துத்தம் கேட்டேன். “எத்தனை ஏக்கர் சார்?” என்றார் கடைக்காரர். தலை அளவுக்கு என்று சொன்னால் வேறு மாதிரி நினைப்பாரே என்று நூறு கிராம் போதும் என்றேன். இருபது தலைமுறைக்குத் தாங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் சென்டருக்குப் போனேன். அங்கே டெக்னீஷியன் ஒரு அண்ணாச்சி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தக் காந்தத்தைத் தன் வீட்டு மாட்டைப் போலப் பார்த்துக்கொள்கிறவர். நீலத் தண்ணீர்ப் பெட்டியைப் பார்த்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை.

“இதுவரைக்கும் எத்தனை டாக்டர் படம் பாத்திருக்காவ. ஒருத்தரும் குறை சொன்னதில்ல. நீங்க மட்டும் என்ன சார் இப்டிச் சொல்லுதீய?”

“படம் நல்லா இருக்கு அண்ணாச்சி. இடந்தான் சரியா இருக்கான்னு பாக்கணும்.”

ஒரு தடவை முன்பின் திசையில் அதிர்வெண் வாசிக்கும்படி எடுத்தோம். அடுத்து இடவலமாக. முதல் படத்தில் துளைகள் முன்பக்கம் துருத்தின. இரண்டாவதில் பக்கவாட்டில் துருத்தின. வாசிக்கும் திசை மாறியதும் பிழையும் திசை மாறியது. அப்படியென்றால் குற்றம் நோயாளியிடம் இல்லை, சாஃப்ட்வேரிலும் இல்லை. காந்தப் புலத்தின் மேடு பள்ளமும், அண்ணாச்சி வைத்திருந்த ‘பேண்ட்வித்’தும் (ஒரு பிக்செலுக்கு ஒதுக்கும் அதிர்வெண் அகலம்) சேர்ந்து செய்த வேலை. நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தது. நெற்றியும் கண்ணும் வரும் ஓரத்தில் மூன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புத்தகப்படி பார்த்தால் குறைந்த புலத்தில்தான் படம் குறைவாக வளைய வேண்டும். கொழுப்பும் தண்ணீரும் 1.5 டெஸ்லாவில் 220 ஹெர்ட்ஸ் தள்ளிப் பாடும், 0.3 டெஸ்லாவில் 45 ஹெர்ட்ஸ்தான். காற்றறைகளுக்குப் பக்கத்தில் வரும் கோணலும், ஆபரேஷனில் வைத்த டைட்டானியம் தகட்டைச் சுற்றி வரும் கறுப்பும் அதே விகிதத்தில் குறையும். பாயிண்ட் த்ரீக்கு இயற்கை கொடுத்த வரம் அது. ஆனால் சின்னக் காந்தத்தில் சிக்னல் பலவீனம். 1.5-ஐ ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் திரும்பத் திரும்ப எடுத்து ஈடுகட்டப் போனால் இருபத்தைந்து மடங்கு நேரம் ஆகும். ஆகவே படத்தில் புள்ளி இரைச்சல் தெரியாமலிருக்கப் பேண்ட்வித்தைக் குறைத்து வைப்பார்கள். ஒரு பிக்செலுக்கு 40 ஹெர்ட்ஸ். படம் வழவழவென்று வரும். ஆனால் புலம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகினாலே 128 ஹெர்ட்ஸ் பிசகும். 40-ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்று பிக்செல். இயற்கை கொடுத்த வரத்தை அழகுக்காக விற்றாயிற்று.

அண்ணாச்சியிடம் பேண்ட்வித்தை 100-க்கு உயர்த்தச் சொன்னேன். படம் மணல் தூவின மாதிரி ஆனது. அவர் முகமும்தான். இரைச்சலைக் குறைக்க இரண்டரை மடங்கு நேரம் எடுக்க வேண்டும். ஆறு நிமிஷ வரிசை பதினைந்து நிமிஷமானது. வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது இது நடக்காது என்றார். நியாயம்தான். கடைசியில் எங்கள் நோயாளிகளை ராத்திரி எட்டு மணிக்கு மேல் எடுப்பது, சென்டருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கட்டணம் எங்கள் ஆஸ்பத்திரி தருவது என்று ஏற்பாடு. சாதாரண ஸ்கேனில் 5 மில்லிமீட்டர் தடிமனில், நடுவில் இடைவெளி விட்டு எடுப்பார்கள். எங்களுக்கு இடைவெளி இல்லாமல், மெல்லிய துண்டுகளாக வேண்டும். அதையும் ஒத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்தோம். அந்தக் காந்தத்தை நம்பிப் போட்ட ஏழு பிளான்களையும் எடுத்து டாக்டரம்மாவும் நானும் திரும்பப் பார்த்தோம். ஆறு பேருக்குக் கட்டி நடுப்பக்கமாகவோ பின்பக்கமாகவோ இருந்தது. பிழை அங்கே எட்டவில்லை. ஒருவருக்கு முன்மூளையில். சிகிச்சை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் ஒன்பது நாள் பாக்கி. மறுநாள் காலையில் புது பிளான். அவரிடமும் அவர் மகனிடமும் டாக்டரம்மாவே உட்கார்ந்து சொன்னார், நான் பக்கத்தில் நின்றேன். மகன் கேட்டது ஒன்றே ஒன்று: “இப்ப சரியாயிட்டுதா?” ஆகிவிட்டது என்றோம். கண்ணை உருட்டினார் என்று நான் சொன்ன அந்தச் சாக்கு இன்றைக்கும் என் காதில் கேட்கும்.

பாயிண்ட் த்ரீயின் வேறொரு குணம் அதற்கப்புறம்தான் எனக்குப் பிடிபட்டது. மூளைக்குக் கரண்ட் வைக்க வருகிறவருக்கு முகத்துக்கு ஒரு மாஸ்க் செய்வோம். 70 டிகிரி வெந்நீரில் போட்டால் இளகுகிற பிளாஸ்டிக் வலை. முகத்தில் இழுத்துப் பிடித்தால் சில நிமிஷத்தில் இறுகி அச்சாகிவிடும். சி.டி.யும் முப்பது நாள் சிகிச்சையும் அதே மாஸ்க்கோடுதான். எம்.ஆர்.ஐ.யை மட்டும் மாஸ்க் இல்லாமல், தலையணை வைத்து, தாடையைத் தூக்கி வேறு மாதிரி படுக்கவைத்து எடுப்பார்கள். குகை மாதிரியான மெஷின்களில் தலைக்கு மாட்டும் கூண்டுக்குள் மாஸ்க்கைப் பூட்டும் பலகையோடு நுழையவே முடியாது. பாயிண்ட் த்ரீயோ திறந்த காந்தம்: மேலே ஒரு வட்டு, கீழே ஒரு வட்டு, நடுவில் நோயாளி, பக்கவாட்டில் வெளிச்சம். புலம் மேலிருந்து கீழாக ஓடுவதால், தலையைச் சுற்றிக் கட்டும் வளையச் சுருளையே வாங்கியாகப் பயன்படுத்தலாம். அந்த வடிவத்துக்குச் சிக்னலை வாங்கும் திறன் அதிகம். சின்னக் காந்தத்துக்கு அது பெரிய உதவி. வளையும் பெல்ட் மாதிரியான சுருளை மாஸ்க்குக்கு மேலேயே சுற்றிவிட்டோம்.

பலகைதான் சிக்கல். எங்கள் மாஸ்க் பலகை கார்பன் ஃபைபர். அது மின்சாரம் கடத்தும், ரேடியோ அலையைக் கெடுக்கும். எம்.ஆர்.ஐ.க்குள் ஆகாது. ஆசாரியிடம் போய், அதே அளவில் மரத்தில் ஒன்று வேண்டும், ஆனால் ஆணி, திருகு எதுவும் கூடாது என்றேன். அவர் சிரித்தார். “அந்தக் காலத்துல கதவே ஆணியில்லாமத்தான் சார் செஞ்சோம்.” மரமுளையும் ஃபெவிகாலுமாகச் செய்து கொடுத்தார். நம்பாமல் ஒரு காந்தத் துண்டை வைத்து முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஓர் இடத்திலும் ஒட்டவில்லை. அந்தப் பலகை வந்தபிறகு பொருத்துகிற வேலை பாதியாகக் குறைந்தது. தலை சி.டி.யில் எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே எம்.ஆர்.ஐ.யிலும்.

மதுரையில் 1.5 டெஸ்லா குகைக்குள் பாதியில் கத்தி வெளியே வந்த ஒரு தையற்காரர் எங்களிடம் வந்தார். ஆபரேஷனில் எடுத்த ஆஸ்ட்ரோசைட்டோமா என்கிற மூளைக் கட்டி, 54 கிரே கொடுக்க வேண்டும். பாயிண்ட் த்ரீயில் அவர் மனைவியைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தோம். கையைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அசையாமல் கிடந்தார். மயக்க மருந்து கொடுத்து எடுத்திருந்தாலும் அவ்வளவு அசையாமல் இருந்திருப்பாரா தெரியாது.

பாயிண்ட் த்ரீ நிரந்தரக் காந்தம், அதற்கு ஹீலியம் வேண்டாம். பெரிய மெஷின்களில் சுருள் −269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் கிடக்கும். இது பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள காந்தக் கட்டை, சும்மா உட்கார்ந்திருக்கும். ஆனால் வெப்பத்துக்கு ரோஷம் உண்டு. நியோடிமியக் காந்தம் ஒரு டிகிரி ஏறினால் ஆயிரத்தில் ஒரு பங்கு பலம் இழக்கும். நம் கணக்கில் அது பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல். அதனால் ஹீட்டர் வைத்து ஒரே சூட்டில் வைத்திருப்பார்கள். ஒருநாள் ராத்திரி ஸ்கேன் சென்டரில் யாரோ மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போக, மறுநாள் மெஷின் அதிர்வெண்ணையே கண்டுபிடிக்கவில்லை. கட்டை பழைய சூட்டுக்கு வர மாலையாகிவிட்டது. அண்ணாச்சி அன்றைக்கு யாரோடும் பேசவில்லை.

பாயிண்ட் த்ரீயைப் புகழ்ந்துகொண்டே போக முடியாது. ஒரு பெண்மணிக்கு நுரையீரலிலிருந்து மூளைக்குப் பரவிய கட்டி. எங்கள் காந்தத்தில் ஒன்றே ஒன்று தெரிந்தது. ஒன்றுதானே, அதற்கு மட்டும் துல்லியமாக அதிக டோஸ் கொடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். டாக்டரம்மாவுக்கு என்னவோ உறுத்தியது, மதுரைக்கு அனுப்பினார். அங்கே மேலும் மூன்று. சின்னச் சின்னது, நாலைந்து மில்லிமீட்டர். குறைந்த புலத்தில் எல்லாத் திசுவும் சீக்கிரமே ஓய்வுக்குத் திரும்பிவிடுகிறது. அதனால் கடோலினியம் மருந்து போட்டும் கட்டி தனியாகப் பளிச்சென்று எழும்புவதில்லை. மருந்து போட்டுப் பத்து நிமிஷம் பொறுத்து எடுத்தால் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அன்றிலிருந்து பரவிய கட்டிகளுக்குப் பாயிண்ட் த்ரீயை நாங்கள் நம்புவதில்லை. பெரிய கட்டி, ஆபரேஷன் ஆன குழி, சுற்றியுள்ள வீக்கம், இவற்றுக்கு மட்டும்தான்.

உதட்டைப் பிதுக்கியவர்கள் பின்னால் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். பிலடெல்ஃபியாவின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் 2000-களின் தொடக்கத்திலேயே 0.23 டெஸ்லா திறந்த காந்தத்தை வைத்துப் பிராஸ்டேட் சிகிச்சைக்குத் திட்டமிட்டார்கள். 2014-இல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், எம்.ஆர்.ஐ.யையும் கோபால்ட்டையும் ஒரே மெஷினில் சேர்த்து நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்கத் தொடங்கினார்கள். வியூரே கம்பெனி செய்த அந்த மெஷினின் காந்தம் 0.35 டெஸ்லா. கையில் காசில்லாமல் தேர்ந்தெடுத்த அளவு இல்லை அது. படம் குறைவாக வளையும், டோஸும் காந்தத்தால் குறைவாகக் கலையும் என்று யோசித்துத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கம்பெனி 2023-இல் திவாலானது வேறு கதை. 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹைப்பர்ஃபைன் மெஷின் 0.064 டெஸ்லா, சக்கரம் வைத்துப் படுக்கைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகலாம். அதை வைத்துக் கரண்ட் கணக்குப் போட எனக்குத் தைரியம் வராது. ஆனால் எந்த மெஷினை எதுவரை நம்பலாம் என்று அந்த மயில்துத்தப் பெட்டியை உள்ளே வைத்து எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன், டெஸ்லா எண்ணைப் பார்த்து அல்ல.

எங்கள் ஊரில் இப்போது 1.5 டெஸ்லா இரண்டு இடத்தில் இருக்கிறது. பாயிண்ட் த்ரீயைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். லாட்ஜ் சுவரை இடித்துத்தான் வெளியே எடுத்தார்கள். புது மெஷின்களுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றில் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் வந்தது. கம்பெனியின் திருத்த வசதி மெஷினிலேயே இருந்தது. யாரும் அதை முப்பரிமாணத்துக்குப் போட்டு வைக்கவில்லை. போட்டதும் சரியாயிற்று.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது மூளைக்குக் கரண்ட் வைக்கச் சொல்லி எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால், ஸ்கேன் சென்டரில் முதலிலேயே “ரேடியேஷன் பிளானிங்குக்கு” என்று சொல்லிவிடுங்கள். உங்கள் ஆஸ்பத்திரி பிசிசிஸ்டின் போன் நம்பரை அங்கே கொடுங்கள். ஆபரேஷனில் கிளிப்போ தகடோ வைத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொண்டுபோங்கள். வரும்போது ஃபிலிமை மட்டும் சுருட்டிக்கொண்டு வராதீர்கள். படம் பதிந்த சிடி தட்டைக் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.